முடிச்சு தெரியாத கட்டு

ஜூன் 3, திங்கள்

காற்று: முருங்கை இலை நடுங்கியது. கிளை அசையவில்லை.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். வள்ளியூர் வகுப்பில் ஜெயசீலன் சார் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "உங்க வீட்டுல காத்து எப்படி அடிக்குன்னு தெனமும் எழுதுங்க" என்றார். காற்றை மட்டும் எழுதச் சொன்னார். என் வாயும் கையும் அளவாக நிற்கிற ரகம் இல்லை, அதனால் மற்றதும் சேர்ந்தே வரும்.

வகுப்பை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. வீட்டுக்கான சின்னக் காற்றாலையை நாமே செய்து, நட்டு, ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். முடித்தால் செய்த மிஷின் நமக்கே. என்னைப் போல கரண்ட் இல்லாத வீட்டுக்காரிகளாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள்.

எங்கள் வாசலில் நின்றால் நாலு திசையிலும் பெரிய பெரிய காற்றாலைகள் சுற்றுவது தெரியும். அந்தக் கரண்ட் எந்த ஊருக்கோ போகிறது. எங்கள் வீட்டுக்கு வர ஒரே ஒரு கம்பம் நட வேண்டும். அது இவருடைய அண்ணன் வைகுண்டமணி அத்தானின் முருங்கை விளைக்குள் விழும். அவர் விடமாட்டேன் என்கிறாராம், இரண்டு வருஷமாக இவர் கேட்டுப் பார்த்துவிட்டாராம். போன வருஷம் ஒரு சோலார் தகடு வைத்தோம். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் கை விளங்காமல் போக.

நேற்று இவர் நியாயமாகத்தான் பேசினார். "ஆடி முடியட்டும் புஷ்பம். ஆடியில யாரும் வீடு மாற மாட்டாவ. அதுக்குள்ள வெளிச்சம் வந்தா இங்கேயே இருப்போம். வரலேன்னா ஆவணி பொறந்ததும் பெரிய வீட்டுக்குப் போயிருவோம். புள்ள பத்தாவது படிக்கா, மண்ணெண்ணெய் வெளக்குல எத்தன நாளைக்கு?"

சரி என்று சொல்லிவிட்டேன். பெரிய வீடு என்றால் மாமியார் வீடு. கல்யாணமாகி அங்கே இருந்த காலம் முழுவதும், இன்றைக்கு என்ன குழம்பு என்று ஒரு நாள்கூட நான் முடிவு செய்ததில்லை. ஊர்ப் பெண்கள் வந்து போகக்கூடாது என்று என் தையல் மிஷினை நெல் மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இங்கே வந்த பிறகுதான் அது தைக்கிறது. நான் திரும்பிப் போக மாட்டேன். காற்று வராவிட்டால் நானே வாயால் ஊதிச் சுற்றவைப்பேன்.

ஜூன் 6, வியாழன்

காற்று: கொடியில் துணி சாய்ந்தது.

வகுப்பில் எனக்கு ஜோடி எஸ்தர். விஜயநாராயணத்துக்காரி, ஆடு வளர்க்கிறாள், பேச்சில் உறையே கிடையாது. இன்று இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தோம். மிஷினிலிருந்து மூன்று ஒயர் இறங்குகிறது. மூன்றும் தனித்தனியாக இருந்தபோது ஒரு விரலால் தள்ளினேன், சுற்றிக்கொண்டே போனது. சார் மூன்றின் நுனியையும் சேர்த்து முறுக்கிவிட்டு, "இப்பத் தள்ளுங்க" என்றார். இரண்டு கையாலும் தள்ளினேன். களி கிண்டுகிற மாதிரி இருந்தது.

"இதுதான் பிரேக்கு. பெருங்காத்து வந்து, மிஷின நிறுத்துத சுவிட்சும் மக்கர் பண்ணுச்சுன்னா, காத்து மூச்சு வாங்குத நேரமாப் பாத்து மூணையும் சேத்துக் கட்டிருங்க. மிஷின் அடங்கிரும்."

வீட்டில் என் மூன்று விரலை நீட்டி இவருக்கும் பாடம் எடுத்தேன். "அவ்வளவுதானா? மூணையும் சேத்தாப் போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். இந்த மனுஷன் நான் சொல்வதை இப்படி உட்கார்ந்து கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

காற்று: புழுதி கிளம்பியது.

நாங்களே இழைத்த இறக்கைகள் தயார். எனக்கு உளி பிடித்துக் கை கொப்பளித்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவர இவர் வள்ளியூருக்கே வந்தார். இவருக்கு வேலை இலை மண்டியில், வாழை இலைக் கட்டுக் கட்டுவது. மூன்று இறக்கைகளையும் சாக்கில் சுற்றி, மடியிலிருந்து வாழைநாரை எடுத்து இரண்டு சுற்று, ஒரு மடக்கு, நுனியை உள்ளே செருகி ஒரு இழுப்பு. முடிச்சு எங்கே என்று தேடினாலும் தெரியாது. பஸ் கூரையில் அவ்வளவு தூரம் வந்தும் ஒரு இம்மி நகரவில்லை.

"மண்டியில நாலு பேரு கட்டுவானுவ. எது எங்கட்டுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லிருவாவ" என்றார். எஸ்தர் என் காதுக்குள், "புருசன் நல்லாத்தான் கட்டிப்போடுதாரு" என்றாள். வெட்கமாகிவிட்டது எனக்கு.

ஜூன் 23, ஞாயிறு

காற்று: தென்னை ஒரு பக்கமாகவே நின்றது.

மரம் நட்டாயிற்று. மரம் என்றால் இரும்புக் குழாய், நாற்பது அடி. நாலு பக்கமும் இழுகம்பி. கீழே படுக்கவைத்து மிஷினைப் பூட்டி, கயிறு போட்டு இழுத்து நிறுத்தினோம். சாரும் எஸ்தரும் வந்திருந்தார்கள். அடியிலிருந்து வீட்டுக்கு ஒயரைப் புதைக்க வாய்க்கால் வெட்டியது இவர். மரத்தடியில் ஒயரோடு ஒயரை இணைத்ததும் இவர்தான். சார் சொல்லச் சொல்ல அப்படியே செய்தார். "இவரு வகுப்புக்கு வந்திருந்தா முதல் மார்க்கு" என்றார் சார்.

ஜூன் 24, திங்கள்

வெளிச்சம்!

பாட்டரி நிறைந்து இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடின. தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டி ஒரு பாவாடையை அடித்து முடித்தேன். என் மகள் அபிஷா புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று எப்படி என்று எழுத மறந்துவிட்டேன். சாளை மீன் குழம்பு வைத்தேன், நானே முடிவு செய்தது.

ஜூலை 1, திங்கள்

காற்று நன்று. நாமும் நன்று.

ஜூலை 5, வெள்ளி

காற்று: கொடியில் போட்ட துணி கீழே தொங்கவே இல்லை.

நூல் வாங்க ராதாபுரம் போய்த் திரும்பினால் மிஷின் நிற்கிறது. சுத்தமாக நிற்கவில்லை, இறக்கை சோம்பேறித்தனமாக அசைகிறது. சுற்றிலும் பெரிய காற்றாலைகள் எல்லாம் பறக்கின்றன, என்னுடையது மட்டும் இப்படி. சுவிட்சைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. வாசல் சுவரில் ஒயர் வந்து சேருகிற பெட்டியைத் திறந்து பார்த்தேன், அதுவும் சரி. இவர் மண்டிக்குப் போகாமல் தலைவலி என்று வீட்டில்தான் இருந்தார். எப்போது நின்றது என்று கேட்டேன். "நான் தூங்கிட்டேன் புஷ்பம், பாக்கலியே" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

காற்று: பலமாக.

பக்கத்து விளைப் பேச்சியம்மாள் வேலியோரம் நின்று, "காக்கா வெரட்டவா வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் நாக்கைத்தான்.

இவர் தினமும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னைக்குச் சுத்திச்சா?" என்றுதான் கேட்கிறார். இல்லை என்கிறேன். "சரி விடு, மனச விட்டுராத" என்று தோளைத் தட்டுகிறார். என்னைவிட இவருக்குத்தான் கவலை.

ஜூலை 14, ஞாயிறு

மரத்தைச் சாய்த்தோம். எஸ்தர் வந்திருந்தாள். மேலே ஒயரைக் கழற்றிவிட்டு இறக்கையைத் தள்ளினால் ஜம்மென்று சுற்றுகிறது. ஆக, மிஷினில் கோளாறு இல்லை. பிறகு மீட்டரை வைத்து ஒயரைச் சோதித்தேன். இரண்டு முனையும் சும்மா கிடக்க, மீட்டர் கீச்சென்று கத்துகிறது. ஒயர்கள் எங்கேயோ ஒன்றையொன்று தொடுகின்றன என்று அர்த்தம்.

"புதைச்ச ஒயர நான் தோண்டிப் பாக்கேன். நீ கையக் காயப்படுத்திக்காத" என்றார் இவர்.

ஜூலை 16, செவ்வாய்

தோண்டிப் பார்த்துவிட்டாராம், ஒன்றுமில்லையாம். "மீட்டருக்குள்ள பாட்டரி தீந்திருக்கும், அது கண்டபடி கத்துது" என்றார். இருக்கலாம். மரத்தைச் சாய்ப்பதற்கு முன்னாலேயே மீட்டருக்குப் புது பாட்டரி போட்டதாக எனக்கு ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை யார் நம்புவது?

நாளை ஆடி பிறக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

காற்று: ஆடிக் காற்று. கூரைத் தகரம் தடதடக்கிறது.

மரத்தை மறுபடி நிறுத்தியும் அதே கதைதான். அபிஷா பெரிய வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "ஆச்சி நம்ம ரூமுக்கு வெள்ளையடிச்சிருக்காம்மா. புதுப் பாய் வாங்கிப் போட்டிருக்கா" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். "அவ ஆசைக்குச் செய்யுதா" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

நான் எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. வகுப்புக் குறிப்பை முதலிலிருந்து வாசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் நாத்தனார் அப்போதே கேட்டாள். அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

எஸ்தர் போன் பண்ணினாள். அவள் வீட்டில் மிஷின் ஓடுகிறது, ஆட்டுக் கொட்டிலுக்குக்கூட விளக்குப் போட்டுவிட்டாள். என் கதையைக் கேட்டுவிட்டு, "ஏக்கா, ஒயர நீங்க தோண்டிப் பாத்தியளா, அவிய பாத்தாவளா?" என்றாள்.

"அவருதான் பாத்தாரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நம்ம மிஷின நாமதான பாக்கணும்னு சார் சொன்னாருல்லா."

போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புருஷன் இல்லாதவள், அவளுக்கு எல்லா ஆம்பிளையும் ஒன்றுதான். இதை எழுதியது தப்பு. ஆனால் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை, எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இனி காற்றை நம்பிப் பயனில்லை என்று, மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அத்தானைப் பார்க்கப் போனேன். கம்பம் நட இடம் விட்டால் போதும், காலில் விழவும் தயார். இரண்டு வருஷமாக அவரிடம் பேசியதில்லை. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விளையில் முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டதும் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஏம்மா, நான் எப்ப மாட்டேன்னேன்? லைன்மேன் வந்து அளந்துட்டே போனான். தம்பி சுயம்புதான், 'வேண்டாம்ணே, நாங்க எப்படியும் திரும்பி வந்துருவோம், அம்மாட்ட சொல்லிட்டேன். நீ மறுத்ததாவே இருக்கட்டும்'னான். தம்பி கேக்கானேன்னு பேசாம இருந்தேன். உன்ட்ட பேசித்தான் செய்யுதான்னுல்லா நெனச்சேன்."

வந்த வழியே திரும்பி நடந்தேன்.

அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். இவர் பேரைக் கெடுக்க அத்தான் சொல்லியிருக்கலாம். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. பதினாறு வருஷமாக எனக்குத் தெரியாதா?

அத்தான் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 3, சனி

காற்று: பெருங்காற்று.

நாளை ஆடி அமாவாசை. இலைக்குக் கிராக்கி, இவர் விடியுமுன்னே மண்டிக்குப் போய்விட்டார். அபிஷா பள்ளிக்கூடம் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

ஆழமாகவெல்லாம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. மூன்று ஒயரின் தோலும் வெங்காயம் உரித்த மாதிரி சுத்தமாக உரிக்கப்பட்டு, மூன்றும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன. முறுக்கின் மேல் வாழைநார். இரண்டு சுற்று, ஒரு மடக்கு. முடிச்சைத் தேடினேன், தெரியவில்லை.

எலி கடித்தது என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. எலி நார் கட்டாது. முறுக்கினால் மட்டும் போதும், நார் தேவையே இல்லை. மூன்று பொருளைச் சேர்த்துப் பிடித்தால் கட்டாமல் விட அந்தக் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு அழுதேன், காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இந்த ஒரு மாதமும் நான் என் கையைச் சந்தேகப்பட்டேன், என் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டேன், எஸ்தரைத் திட்டினேன். கத்திக் கத்திச் சொன்ன மீட்டரைப் பொய் என்றேன். தோளைத் தட்டின ஆளை மட்டும் நம்பினேன்.

பிறகு நாரை அவிழ்த்தேன். ஒயரைப் பிரித்து, தனித்தனியாக டேப் சுற்றினேன். கடைசி ஒயரைப் பிரிக்கும்போதே தலைக்கு மேலே இறக்கை கிளம்பிவிட்டது.

பொழுது சாய்ந்து இவர் வந்தார். தூரத்திலேயே வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் ஒரு கணம் நின்றார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"வெளிச்சம் வந்துட்டு! பாத்தியா, நான் அப்பமே சொன்னேம்லா, மனச விடாதன்னு!"

ஒயரைக் கட்டினதைவிட அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. நாரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா தெனமும் அழுதா புஷ்பம். வாரேன்னு வாக்கு குடுத்துட்டேன். உன்ட்டயும் முடியாதுன்னு சொல்ல வாய் வரல. காத்தால நின்னுச்சுன்னா யார் மேலயும் கொற வராதுன்னு நெனச்சேன்."

"என் மொகத்தப் பாத்து ஒரு தடவ, 'எனக்கு இங்க இருக்க முடியல'ன்னு சொல்லியிருக்கலாம்லா? சண்ட போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேள வந்தும் இருப்பேன். என்ன எனக்கே முட்டாளாக்கிட்டீங்களே!"

அபிஷா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒங்களுக்கு அந்தப் பாடத்தச் சொல்லிக் குடுத்ததே அம்மாதான" என்றாள். அதற்குத்தான் அவர் அழுதார், நான் சொன்னதற்கு இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆடியில் வீடு மாறக் கூடாது. ஒரு பையோடு போனால் அது வீடு மாறுவதில் சேராது போலிருக்கிறது. "ஆவணி ஒண்ணாந்தேதி வாரேன். அதுக்குள்ள நல்லா யோசி" என்று சொல்லிவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போனார். நான் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

சோலார் தகட்டை எடுத்தது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காற்று: நன்று. நான்கு ரவிக்கை, ஒரு சுடிதார். எஸ்தருக்குப் போன் போட்டு நான் நினைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீங்க மனசுல திட்டினது எனக்கு எப்படிக்கா தெரியும்? வாய வச்சிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்று சிரித்தாள்.

அத்தான் லைன்மேனிடம் மறுபடி சொல்லியிருக்கிறாராம். வந்தால் வரட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி கடைசி. மத்தியானத்திலிருந்து பேய்க்காற்று. வாழையெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. இறக்கை போட்ட சத்தத்தில் மரமே அதிர்ந்தது. சுவிட்சைத் திருப்பினேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

சார் சொன்னது நினைவு வந்தது. பெட்டியைத் திறந்து, காற்று மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, மூன்று ஒயரையும் சேர்த்து முறுக்கினேன். பொறி பறந்தது. இறக்கை அடங்கியது. முறுக்கு பிரிந்துவிடக் கூடாதே என்று கட்ட டேப்பைத் தேடினால், தீர்ந்திருக்கிறது. அவர் விட்டுப் போன அந்த நார் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் எறியாமல் வைத்திருந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டு சுற்று, ஒரு மடக்கு, நுனியை உள்ளே செருகி ஒரு இழுப்பு. யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, பார்த்துப் பார்த்துக் கை படித்திருக்கிறது. கட்டி முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அந்தக் கையை வெட்டிப்போடலாமா என்று வந்தது.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி 1. காற்று: தணிந்து, நல்ல ஓட்டத்துக்கு வந்திருக்கிறது.

கட்டை அவிழ்க்கலாம் என்று கிளம்பும்போதே மண்டி டெம்போ வாசலில் வந்து நின்றது. இவர், சாமான் ஏற்ற இரண்டு ஆளும் கயிறும் கொண்டுவந்திருந்தார். இறங்கியதும் முதல் பார்வை மேலே போனது. இறக்கை சோம்பி நின்றது.

"சுத்தலியா?" என்றார்.

அதே கேள்விதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தினமும் கேட்ட அதே குரல். இன்றுதான் அந்த நேரத்தில் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அது கவலை இல்லை. அது எப்போதும் கவலையாக இருந்ததே இல்லை.

உள்ளே போய்த் தையல் கத்தரியை எடுத்துவந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைத் திறந்தேன். நாரைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அது... நான் கட்டல புஷ்பம். சத்தியமா இது நான் இல்ல."

"தெரியும்" என்றேன். "இது நான் கட்டுனது."

நுனியைத் தேடாமல் ஒரே வெட்டாக வெட்டினேன். மூன்று ஒயரையும் பிரித்துவிட்டேன். மேலே இறக்கை முதலில் மெல்ல, பிறகு வேகமாகத் திரும்பியது. டெம்போக்காரன் அண்ணாந்து பார்த்து, "நல்லாச் சுத்துதே அக்கா" என்றான்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தேன். பேச்சியம்மாளின் ரவிக்கை பாதியில் நிற்கிறது, மத்தியானம் வந்து கேட்பாள். டெம்போ கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வெறும் வண்டியாகத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் மோட்டாரை நிறுத்தவில்லை.